ஏக்கம்: காணப்படவில்லை

மதிப்புரை மஞ்சள் உறையில் வந்தது.

எங்கள் ஊரில் அரசாங்க மஞ்சள் உறை வந்தால் யாரும் நின்றபடி பிரிப்பதில்லை. எக்கி புட்ஜின்ஸ்கி கையைக் கழுவினார். மேசையில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வெண்ணெய்க் கத்தியால் உறையின் ஓரத்தைக் கீறினார். உள்ளே மூன்று பக்கங்கள் இருந்தன.

"பொருள்: 'கொதிகலன் இரண்டு' என்ற இரட்டையர் குழுவின் மின்னிசை ஒலிநாடா, எண் 41. முடிவு: ஏக்கம் காணப்படவில்லை. காரணம்: இப்பாடல்கள் 1983ஆம் ஆண்டை நினைவூட்டுகின்றன. ஆனால் இக்குழுவினர் 1983ஐ நினைவுகூர்வதாகத் தெரியவில்லை. அவர்கள் இன்னும் அங்கேயே இருக்கிறார்களோ என்ற ஐயம் எழுகிறது."

கடைசிப் பக்கத்தின் அடியில், இந்த மதிப்புரையை ஆட்சேபிக்க விரும்பினால் ஒரு மாதத்துக்குள் எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம் என்று இருந்தது.

மாநில இசை மதிப்புரை வாரியம் அமைந்து ஆறு வருடம் ஆகிறது. அதற்கு முன் விமர்சகர்கள் பத்திரிகைகளில் எழுதிக்கொண்டிருந்தார்கள். யாரும் படிக்கவில்லை. இப்போது அவர்கள் எழுதுவதைத் தபால்காரர் தேதி போட்டுப் பெட்டியில் போடுகிறார். எல்லோரும் படிக்கிறார்கள்.

எக்கிக்கு அறுபத்து நான்கு வயது. டிராம் பணிமனையில் மின்பணியாளராக இருந்து இந்த வசந்தத்தில் ஓய்வு பெற்றவர். குழுவின் இன்னொரு பாதி மரிட்டா ஷ்லூட்டர். அவருக்கு அறுபத்திரண்டு. மூக்குக்கண்ணாடிக் கடையில் வாரம் மூன்று நாள் வேலை. இருவரும் 1983லிருந்து ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் மாலை ஆறரை முதல் ஒன்பது வரை, போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்கு ஒதுங்கக் கட்டிய பங்கர் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், பதினான்காம் எண் அறையில் வாசித்துவருகிறார்கள். எக்கியிடம் ஒரு சிந்தசைசர், மரிட்டாவிடம் ஒரு சிந்தசைசர், பொதுவாக ஒரு தாள இயந்திரம். 'கொதிகலன் இரண்டு' என்று எதிர் அறைக் கதவில் எழுதியிருந்தது. அதையே பெயராக வைத்துக்கொண்டார்கள். வருடத்துக்கு ஒரு நாடா பதிவு செய்து கோடைத் தெருவிழாவில் விற்பார்கள். நாற்பத்தோரு நாடாக்களும் ஒரே மாதிரி இருக்கும். வாங்குகிறவர்கள் அதற்காகத்தான் வாங்குகிறார்கள்.

இந்த வருடம் நகராட்சி அந்தப் பங்கரை 'நினைவிசை இல்லம்' ஆக்கியது. அங்கே வாசிக்கும் குழுக்கள் அக்டோபர் முடிவதற்குள் வாரியத்திடமிருந்து ஏக்கச் சான்று பெற வேண்டும், இல்லையென்றால் சாவியை ஒப்படைக்க வேண்டும் என்று படிக்கட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பதினான்காம் அறையில் திங்கட்கிழமை வாசிக்கும் அக்கார்டியன் சங்கத்துக்கு உடனே கிடைத்துவிட்டது. அவர்கள் கப்பலில் போனவர்களைப் பற்றிப் பாடுகிறார்கள். அதே அறையில் புதன்கிழமைகளில் சாவைப் பற்றி அலறிக்கொண்டிருந்த நான்கு பேருக்குக் கிடைக்கவில்லை. சாவு இனிமேல் வரப்போவது, அதற்கு ஏங்குவது நினைவாகாது என்று வாரியம் எழுதியது. அவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

எக்கி மஞ்சள் உறையை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கடைக்கு நடந்தார்.

"என்னய்யா, முகமே சரியில்ல?" என்றார் மரிட்டா. கையில் யாருடைய கண்ணாடிச் சட்டத்தையோ திருகிக்கொண்டிருந்தார்.

"நமக்கு ஏக்கம் இல்லையாம்."

"யாரு சொன்னா?"

"வாரியம். மூணு பக்கத்துக்கு."

மரிட்டா படித்தார். பிறகு திருப்புளியை மேசையில் வைத்தார்.

"நீ விண்ணப்பத்தோட என்னத்த வெச்ச?"

"கேட்டதெல்லாம் வெச்சேன். அப்புறம் நம்ம பதிவேடு."

"முழுசாவா?"

"முழுசாதான். நடுவுல விட்டா சந்தேகப்படுவாங்கல்ல."

மரிட்டா கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் எக்கியைக் குறை சொல்ல முடியாது. எங்கள் நாட்டில் வேலைக்கு மனு போட்டாலும், வீட்டு வாடகைக்கு மனு போட்டாலும், வாழ்க்கைக் குறிப்பில் இடைவெளி இருக்கக் கூடாது. மூன்று மாதம் விடுபட்டிருந்தால் எதிரே இருப்பவர் பென்சிலால் வட்டம் போட்டு, "இங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்பார். பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். எக்கி நாற்பத்தோரு வருடமாக, தேதி, தொடக்கம், முடிவு, குறிப்பு, காரணம் என்று ஐந்து பத்திகள் போட்டு எழுதி வந்திருந்தார். கிறிஸ்துமஸ் செவ்வாயில் வந்தால் காலையில் போய் வாசித்தார்கள். வாசிக்காததற்கும் பாடாததற்குமான 'காரணம்' பத்தியில் ஒரே ஒரு பதிவுதான் இருந்தது. 1997 பிப்ரவரி 11: பல்வலி. அன்று மரிட்டா பாடவில்லை. வாசிக்கத்தான் செய்தார்.

"ரூம் போயிடுச்சுன்னா?" என்று கேட்டார் மரிட்டா.

எக்கி உறையைத் திரும்ப மடித்துப் பையில் வைத்தார். ஓய்வு பெற்ற பிறகு வாரத்தில் அவருக்கு நிச்சயமாகத் தெரிந்த கிழமை செவ்வாய் ஒன்றுதான். மற்ற நாட்களை அதிலிருந்து எண்ணித்தான் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

வாரியம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் மூன்றாம் மாடியில் இருக்கிறது. இருவரும் எண் சீட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஐம்பத்தெட்டு. பலகையில் முப்பத்தொன்று ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பாரிடோன் குரலில் பாடும் ஒரு கிழவர் மடியில் சோகத்துக்கான விண்ணப்பத்தோடு தூங்கிக்கொண்டிருந்தார்.

நான்காம் கவுண்டரில் இருந்த பெண்ணின் பெயர் பொப்பல்மன். மேசையில் சின்னக் கள்ளிச்செடி.

"மேடம், எங்களுக்கு ஏக்கம் காணோம்னு எழுதியிருக்கீங்க," என்றார் எக்கி.

அவர் கோப்பைத் திறந்து கொஞ்ச நேரம் புரட்டினார். "ஆமா சார். உங்களுக்கு இடைவெளி இல்ல."

"இல்லவே இல்ல," என்றார் எக்கி. குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"அதான் சார் பிரச்சினை. ஏக்கம்னா, ஒண்ணு இருந்திருக்கணும், அது போயிருக்கணும். குறைஞ்சது ஏழு வருஷம் இடைவெளி வேணும். நீங்க எதையுமே இழக்கலையே."

"1988ல ஒரு மைக் காணாமப்போச்சு," என்றார் மரிட்டா.

பொப்பல்மன் பேனாவை எடுத்தார். "கிடைச்சுதா?"

"அடுத்த செவ்வாய். ஹீட்டருக்குப் பின்னாடி விழுந்து கிடந்துச்சு."

பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப செல்லாது. இப்ப பாருங்க, 'டெலிஃபோன் பூத்'னு ஒரு டூயட் இருக்கு. உங்க மாதிரியேதான் வாசிக்கிறாங்க. முதல் நிலை ஏக்கம் குடுத்திருக்கோம்."

"அவங்களுக்கு என்ன வயசு?"

"இருபத்திரண்டு."

"அவங்க டெலிஃபோன் பூத்தயே பாத்திருக்க மாட்டாங்களே!"

"அதான் மேடம். 1983ஐ முழுசா இழந்தவங்க அவங்க. பொறக்கும்போதே இழந்துட்டாங்க." பொப்பல்மன் குரலில் மரியாதை இருந்தது. "நீங்க அதுக்குள்ளேயே உக்காந்திருக்கீங்க. வெளிய வந்தாத்தானே ஏங்க முடியும்?"

"நாங்க ஏங்குறோம்னு எப்பவுமே சொல்லலியே மேடம். சும்மா வாசிக்கிறோம்."

"சும்மா வாசிக்கிறதுக்குத் தனி வகைப்பாடு கிடையாது சார்."

எக்கி ஆட்சேபனை எழுதினார். இரண்டாவது வாரத்தில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஆதாரமாக ஒரு கருவியைக் கொண்டுவரச் சொல்லியிருந்ததால் எக்கியின் சிந்தசைசரைப் போர்வையில் சுற்றி, தள்ளுவண்டியில் வைத்து டிராமில் கொண்டுபோனார்கள்.

விசாரணை, ஜன்னல் திறப்பதில் தொடங்கியது. எங்கள் நாட்டில் புதுக்காற்று இல்லாமல் முடிவு எடுப்பதில்லை. விசாரணைக் குழுவின் மூன்று உறுப்பினர்களும் எழுந்து மூன்று ஜன்னல்களை முழுக்கத் திறந்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, ஐந்து நிமிடம் பேசாமல் நின்றார்கள். வெளியே ஏழு டிகிரி. பிறகு மூடினார்கள்.

நடுவில் உட்கார்ந்தவர் தலைவர், பேராசிரியர் டாக்டர் டாக்டர் அன்ஸ்கார் விட்டகிண்ட். அவருக்கு இரண்டு டாக்டர் பட்டங்கள் இருந்ததால் இரண்டையும் சொல்ல வேண்டும். வலப்பக்கம் டாக்டர் சோல்வைக் டீடமன், ஒலிக் கதகதப்பு நிபுணர். இடப்பக்கம் க்வாஸ்ட் என்ற உதவி மதிப்பீட்டாளர். அவர் பதினோரு வருட வேலையில் இதுவரை ஒரு கருத்தும் சொன்னதில்லை என்பதால் எல்லா விசாரணைக் குழுக்களிலும் அவரைப் போட்டிருந்தார்கள்.

"முதல்ல ஒண்ணத் தெளிவுபடுத்திடறேன்," என்றார் தலைவர். "உங்க நாடாவ நாங்க கேக்கல."

"கேக்கலியா?" என்றார் எக்கி.

"கேட்டா பிடிச்சுப்போற அபாயம் இருக்கு. இல்லேன்னா பிடிக்காமப் போற அபாயம். ரெண்டும் நடுநிலைக்கு ஆகாது. முப்பது வருஷமா ஏக்கத்தப் பத்தி எழுதறேன், நாலு புத்தகம் போட்டிருக்கேன். 2009ல ஒரே ஒரு தடவ, முடி வெட்டப் போன எடத்துல, தெரியாத்தனமா ஒரு பாட்டக் கேட்டுட்டேன். முழுப் பாட்டு! அதுக்கப்புறம் நாலு மாசம் ஒரு வரி எழுத முடியல." அவர் தண்ணீர் குடித்தார். "அந்தத் தப்ப மறுபடி செய்ய மாட்டேன்."

"அப்ப எத வெச்சு எழுதினீங்க?"

"பதிவேட்ட வெச்சு. அருமையான பதிவேடு. ஆனா உங்களுக்கு எதிரான சாட்சியே அதுதான்."

டாக்டர் டீடமன் எழுந்து வந்தார். கையில் ஒரு வெப்பமானி. "கருவிய ஆன் பண்ணுங்க."

எக்கி ஆன் செய்தார். டீடமன் வெப்பமானியின் முனையைக் கருவியின் மூடியில் டேப் போட்டு ஒட்டினார்.

"வாசிக்கணுமா மேடம்?"

"வேணாம் வேணாம். பழைய கருவிகளோட கதகதப்புன்னு மதிப்புரைல எழுதுவோம்ல? முன்னாடி சும்மா எழுதிட்டிருந்தோம். ஒருத்தர் வழக்குப் போட்டுட்டார், என் இசை கதகதப்பு இல்ல, நிரூபிங்கன்னு. இப்பல்லாம் அளந்துதான் எழுதறது."

இருபது நிமிடம் எல்லோரும் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்பத்தொன்றில் நின்றது.

"அனுமதி முப்பத்தஞ்சுலேர்ந்து முப்பத்தேழு வரைக்கும்," என்றார் டீடமன் வருத்தத்தோடு. "இது கதகதப்பு இல்ல, காய்ச்சல்."

"உள்ள இருக்கிற ஃபேன் 2003லயே செத்துப்போச்சு மேடம்," என்றார் மரிட்டா.

டீடமன் நிமிர்ந்தார். "அத நினைச்சு எப்பவாவது வருத்தப்பட்டிருக்கீங்களா?"

எக்கி நேர்மையாக யோசித்தார். "இல்ல மேடம். கதவத் திறந்து வெச்சுப்போம்."

"பாத்தீங்களா, கைல கிடைச்சதயும் விட்டுட்டீங்க," என்று டீடமன் குறித்துக்கொண்டார்.

தலைவர் மேசைக்குக் குறுக்கே ஒரு தாளை நகர்த்தினார். "நாங்க ஒண்ணும் கல்நெஞ்சக்காரங்க இல்ல. ஒரு வழி இருக்கு. ரெண்டு பேரும் சண்டை போட்டுப் பிரிஞ்சு, 1990லேர்ந்து 96 வரைக்கும் வாசிக்கலன்னு எழுதிக் குடுங்க. கலைக் கருத்து வேறுபாடுன்னு போட்டாப் போதும். எல்லா டூயட்லயும் நடக்கறதுதான். முன்தேதியிட்ட இடைவெளி, படிவம் இருபத்தாறு."

எக்கி கணக்குப் போட்டார். முன்னூற்று அறுபத்தாறு செவ்வாய்க்கிழமைகள்.

"ஆனா நாங்க வாசிச்சோமே சார்."

"அத யாரு பாத்தா? நாடாவ யாருமே கேட்டதில்லையே."

மரிட்டா பேனாவை எடுத்துவிட்டார். "குடுய்யா, போட்டுடலாம். ரூம் முக்கியமா, 92ல எந்தச் செவ்வாய் என்ன வாசிச்சோம்ங்கறது முக்கியமா? ஒரு கையெழுத்து. அப்புறம் போய் காபி குடிக்கலாம்."

எக்கி பதிவேட்டைப் புரட்டி, ஒரு பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தார். 1994 மே 3. தொடக்கம் 6.30. முடிவு 9.10. குறிப்பு: மரிட்டா ஒரே கட்டையை அழுத்திக்கொண்டிருந்தாள். நான் தாளம் போட்டேன்.

அதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை, மரிட்டாவின் கணவர் இரண்டு பெட்டிகளோடு டுயிஸ்பர்க் நகருக்குப் போய்விட்டிருந்தார். நாற்பத்தோரு வருடத்தில் ஒன்பது மணியைத் தாண்டியது அன்று மட்டும்தான். பத்து நிமிடம்.

மரிட்டா அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பேனாவின் மூடியைத் திருகி மூடினார்.

"இது நடக்கலன்னு நான் எழுத மாட்டேன்," என்றார்.

டீடமன் ஆவலோடு எட்டிப் பார்த்தார். "ஏதாச்சும் சம்பவமா? அன்னிக்கு எதையாவது இழந்தீங்களா?"

"புருஷன இழந்தேன். செவ்வாய இழக்கல."

தலைவர் விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "புருஷன் இசை வகைல வர மாட்டார்," என்றார். உண்மையாகவே வருந்தினார் என்றுதான் தோன்றியது.

மறுபடி ஜன்னல்களைத் திறந்தார்கள். ஐந்து நிமிடம் நின்றார்கள். மூடிய பிறகு முடிவு சொன்னார்கள். முன்தேதியிட்ட இடைவெளி வேண்டாமென்றால் இனி வரும் வருடங்களில் விட்டுக்கொள்ளலாம். இன்றிலிருந்து ஏழு வருடம் அவர்கள் வாசிக்காமல் இருக்க வேண்டும். அதுவரை 'ஏக்கம், தற்காலிகம்' என்ற சான்றும் அறையும் அவர்களிடமே இருக்கும். ஆனால் வாசிக்கவில்லை என்பதற்குச் சாட்சி வேண்டும். ஆகவே வழக்கமான நேரத்தில், அதாவது செவ்வாய் மாலை ஆறரை முதல் ஒன்பது வரை, அவர்கள் பதினான்காம் அறைக்கு வந்து வாசிக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். க்வாஸ்ட் பார்த்துக்கொள்வார்.

"ஏழு வருஷம் கழிச்சு எனக்கு எழுபத்தொண்ணு," என்றார் எக்கி.

"அற்புதமா ஏங்குவீங்க," என்றார் தலைவர்.

அடுத்த செவ்வாய் மூவரும் அறையில் உட்கார்ந்தார்கள். கருவிகளின் மேல் போர்வை. க்வாஸ்ட் ஒரு மடக்கு நாற்காலி, பிளாஸ்க், ரொட்டி டப்பா எல்லாம் கொண்டுவந்திருந்தார். மேசை விளக்கடியில் நேரம் குறித்தார்.

அரைமணி போனது.

"மேடம், கால்," என்றார் க்வாஸ்ட்.

"என்ன கால்?"

"தட்டறீங்க."

"கால் தட்டறதும் வாசிக்கிறதா?"

"பிரிவு ஒன்பது."

மரிட்டா இரண்டு காலையும் நாற்காலியின் மேல் தூக்கி வைத்துக்கொண்டார். எக்கி கையைக் கட்டிக்கொண்டு போர்வையைப் பார்த்தார். மேல்மாடியில் யாரோ கதவைச் சாத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் மெல்லிய தட்டல் சத்தம் மறுபடி கேட்டது. மரிட்டா எக்கியைப் பார்த்தார், எக்கி மரிட்டாவைப் பார்த்தார். தட்டியது க்வாஸ்ட். அவரும் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, "7.22, உதவி மதிப்பீட்டாளர், வலது கால்" என்று தன்னைப் பற்றியே எழுதிக்கொண்டார். அந்த வாரம் வாரியம் அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

எக்கி வீட்டுக்குப் போய்ப் பதிவேட்டில் எழுதினார். செவ்வாய். தொடக்கம் இல்லை, முடிவு இல்லை. காரணம்: உத்தரவு.

மூன்றாவது செவ்வாய் முடிந்து படி இறங்கும்போது மரிட்டா சொன்னார்: "எக்கி, உத்தரவுல என்னன்னு போட்டிருக்கு? வழக்கமான நேரத்துல வாசிக்கக் கூடாது. அதான?"

"அதான்."

"அந்தச் சாவுப் பசங்க காலி பண்ணிட்டாங்க. புதன் ரூம் சும்மாதான் கிடக்கு. சாவி நம்மகிட்ட இருக்கு."

எக்கி நின்றுவிட்டார். "புதன்கிழமையா?"

"ஏன், புதன்கிழமை கரன்ட் வராதா?"

"அதுக்கில்ல." அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். "புதன்ல நாம வாசிச்சதே இல்லையே."

"உனக்கு வேணாம்னா நான் தனியா வாசிக்கிறேன். நீ வீட்ல உக்காந்து கிழமைய எண்ணிட்டிரு."

புதன்கிழமை ஆறரைக்கு எக்கி வந்தார். போர்வையை எடுத்தார்கள். அதே பாட்டு, அதே தாளம், அதே சூடு. ஆனால் எக்கியின் கை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பிந்தி விழுந்தது. அரை மாத்திரைகூட இருக்காது.

"என்னய்யா, பின்னாலேயே வர்ற?"

"செவ்வாய்ல இந்த எடத்துல மேல இருக்கறவங்க கதவச் சாத்துவாங்க. அதுக்குக் காத்திருக்கேன் போல."

"இன்னிக்கு யாரும் சாத்த மாட்டாங்க."

"தெரியும்மா. கைக்குத் தெரியல."

மரிட்டா இரண்டாவது பாட்டில் அந்தப் பிந்தலுக்குத் தகுந்தபடி தானும் கொஞ்சம் பிந்திப் பாடினார். இருவரும் நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். மறுபடி தொடங்கினார்கள். நான்கு புதன்கிழமைகள் அப்படிப் போயின. நான்காவதில் ஒரு நாடாவும் பதிவு செய்தார்கள்.

டிசம்பர் முதல் வாரம் வாரியம் வழக்கமான கடிதம் அனுப்பியது. இடைவெளி முன்னேற்ற அறிக்கையாக, பதிவேட்டின் நகலை அனுப்பவும். எக்கி நகல் எடுத்தார், துளை போட்டார், கோத்தார், தபாலில் சேர்த்தார். மறுநாள் மரிட்டாவிடம் சொன்னார்.

"எல்லாத்தயுமா அனுப்பின?"

"எல்லாத்தயும்."

"புதன்கிழமையுமா?"

எக்கி மேசையிலிருந்த ஒரு கண்ணாடிக் கூட்டை நேராக வைத்தார். "விட்டா நடுவுல காலியா இருக்குமேன்னு..."

"காலியா இருக்கணும்கறதுதான்யா அவங்க கேக்கறதே! ஏழு வருஷம் காலியா இருக்கணும்!" மரிட்டா ஒரு கண்ணாடிக் கூட்டைத் தூக்கி அவர் மேல் எறிந்தார். அது வெல்வெட் வைத்தது, வலிக்கவில்லை. "நீ ஒரு நாள் பொய் சொல்லக் கத்துக்க மாட்டியா? ஒரே ஒரு புதன்கிழமை?"

"எழுதிட்டேனேம்மா," என்றார் எக்கி.

இரண்டு நாளில் அழைப்பு வந்தது. எக்கி சட்டைப் பையில் பங்கர் சாவியை வைத்துக்கொண்டு போனார். கேட்டால் உடனே கொடுத்துவிடலாம் என்று. டிராமில் நான்கு தடவை அதைத் தொட்டுப் பார்த்தார்.

ஜன்னல் திறந்தார்கள். மூடினார்கள். தலைவர் பதிவேட்டின் நகலை விரல் நுனியால் பிடித்துத் தூக்கிக் காட்டினார்.

"இது என்ன?"

"புதன்கிழமை சார்," என்றார் எக்கி.

"வாசிக்காம இருக்கச் சொன்னோம்."

"செவ்வாய் வாசிக்கலியே," என்றார் மரிட்டா. "உங்க ஆளத்தான் கேளுங்க."

"இடைவெளிங்கறது நடுவுல வேற ஒண்ணும் இல்லாம இருக்கறது. புதன்கிழமை வாசிச்சா அது இடைவெளி இல்ல, இடமாற்றம். விசாரணைக் குழு ஒரே மனசா—"

"நான் கேட்டேன்," என்றார் க்வாஸ்ட்.

யாருக்கும் முதலில் புரியவில்லை. அவர் குரலை அதுவரை அந்த அறையில் யாரும் கேட்டதில்லை.

"என்னத்த கேட்டீங்க?" என்றார் டீடமன்.

"பாட்ட. ஒரு செவ்வாய் என் ரொட்டி டப்பாவ அங்கேயே வெச்சுட்டேன். மறுநாள் புதன்கிழமை எடுக்கப் போனேன். உள்ள வாசிச்சுட்டிருந்தாங்க. வெளியவே நின்னேன்."

"எவ்வளவு நேரம்?"

"ஒன்பது வரைக்கும்."

"காதாலயா?" என்றார் தலைவர்.

"ஆமா சார். ரெண்டாலயும்."

தலைவர் எழுந்து ஒரு ஜன்னலைத் திறந்தார். அப்படித் தனியாக ஒரு ஜன்னல் திறக்கப்பட்டது அந்தக் கட்டடத்தில் அதுதான் முதல் தடவை. வெளியே பார்த்தபடி நின்றார். கேட்கக் கூடாது என்று அவர் முயற்சி செய்தது முதுகிலேயே தெரிந்தது. ஆனாலும் கேட்டுவிட்டார்.

"எப்படி இருந்துச்சு?"

க்வாஸ்ட் நெடுநேரம் யோசித்தார். பதினோரு வருடத்துக்கான யோசனை.

"செவ்வாய்க்கிழமை மாதிரியே இருந்துச்சு சார். ஆனா செவ்வாய் இல்ல. அவருக்கு அது தெரியும். ஒவ்வொரு அடிக்கும் தெரிஞ்சுது. கொஞ்சம் லேட்டா."

டீடமன் வெப்பமானியைக் கைப்பைக்குள் போட்டார்.

"லேட்டுன்னா எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார் தலைவர், ஜன்னலைப் பார்த்தபடியே.

"ஒரு நாள் சார்."

இரண்டாவது மஞ்சள் உறை ஒரு வாரத்தில் வந்தது. எக்கி கையைக் கழுவினார். மரிட்டாவும் வந்திருந்தார். கழுவச் சொன்னதால் அவரும் கழுவினார்.

"முடிவு: ஏக்கம், முதல் நிலை. காரணம்: இக்குழுவினர் ஏங்குவது 1983க்காக அல்ல, செவ்வாய்க்கிழமைக்காக என்பது நிறுவப்பட்டுள்ளது. இழப்பு மெய்யானது, அண்மையது, இக்குழுவாலேயே தேதிவாரியாக ஆவணப்படுத்தப்பட்டது. ஏழு வருட நிபந்தனை தளர்த்தப்படுகிறது. பதினான்காம் எண் அறை, புதன்கிழமை மாலை, நிரந்தரமாக இக்குழுவுக்கு. நிபந்தனை: இழப்பு நீடிக்கும் வரை மட்டுமே இச்சான்று செல்லும். செவ்வாய்க்கிழமை 'டெலிஃபோன் பூத்' குழுவுக்கு ஒதுக்கப்படுகிறது."

மரிட்டா மேசையைத் தட்டினார். "கிடைச்சுடுச்சுய்யா! முதல் நிலை! அந்தப் பொடிசுங்களோட சமம்!"

எக்கி கடைசிப் பக்கத்தின் அடியைப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு மாசத்துக்குள்ள ஆட்சேபிக்கலாம்னு போட்டிருக்கு," என்றார்.

"எத ஆட்சேபிப்ப?"

"செவ்வாய்க்கிழமைய."

"ஜெயிச்சா?"

"செவ்வாய் திரும்பக் கிடைக்கும்."

"செவ்வாய் கிடைச்சா ஏக்கம் போயிடும். ஏக்கம் போனா சான்று போயிடும். சான்று போனா ரூம் போயிடும். ரூம் இல்லாம செவ்வாய்ல எங்க உக்காருவ? ஜெயிச்சா தோத்துடுவோம்யா."

எக்கி இன்னொரு தடவை படித்தார். மரிட்டா சொன்னது சரியாகத்தான் இருந்தது. அவர் பேனாவைத் தேடவில்லை.

"புதனும் நல்லாத்தான் இருக்கு," என்றார் மரிட்டா கொஞ்சம் மெதுவாக. "முன்னவிட நல்லாவே வாசிக்கிற."

"அதான் பயமா இருக்கு," என்றார் எக்கி.

ஒரு மாதம் கடந்தது. கெடு முடிந்தது. புதன்கிழமை பதிவு செய்த புது நாடாவுக்கு நான்கு பத்திரிகைகள் மதிப்புரை எழுதின. எதிலும் யாரும் நாடாவைக் கேட்டிருக்கவில்லை என்றாலும் எல்லோரும் அந்தப் பிந்தலைப் பாராட்டியிருந்தார்கள். க்வாஸ்ட் வாரியத்திலிருந்து பதிவுத்துறைக்கு மாற்றப்பட்டார். அங்கே அவருக்குக் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. புதன்கிழமைகளில் ரொட்டி டப்பாவோடு பங்கர் படிக்கட்டில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

கெடு முடிந்த பிறகு வந்த முதல் செவ்வாய்க்கிழமை ஆறரை மணிக்கு எக்கி மேசையில் பதிவேட்டைத் திறந்தார். தேதி எழுதினார். தொடக்கத்தில் ஒரு கோடு, முடிவில் ஒரு கோடு. 'காரணம்' பத்திக்கு வந்ததும் பேனா நின்றது. உத்தரவு என்று எழுத முடியாது. ஆட்சேபிக்கும் உரிமை இருந்தும் அவர் ஆட்சேபிக்கவில்லை. காலியாகவும் விட முடியாது.

பழைய பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனார். 1997 வந்ததும் நிறுத்திப் பார்த்தார். பிறகு இன்றைய பக்கத்துக்குத் திரும்பி, தெளிவான எழுத்தில், பல்வலி என்று எழுதினார்.

பல்லில் ஒன்றும் இல்லை.